சிறு விமான நிலையத்தைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், வயல்: இரைச்சலைக் கணக்கில் எடுத்துக் காணிப் பயன்பாட்டைத் திட்டமிடும் முறை

மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டபோது அது அமைந்திருக்கும் திமிலைதீவைச் சுற்றி வீடுகள் குறைவு. இப்போது கிழக்கே நகரம், சுற்றிவர வாவி, வலையிறவுப் பாலத்துக்கு அப்பால் வவுணதீவு வயல்வெளி என்று அமைந்திருக்கிறது. நகரத்துக்கு இவ்வளவு அருகில், தண்ணீர் சூழ்ந்த இடத்தில் ஓடுபாதை இருப்பதுதான் இங்குள்ள திட்டமிடலைக் கடினமாக்குகிறது. ஆனால் நாளுக்குச் சில விமானங்களே வந்துபோகும் நிலையத்தில், சுற்றியுள்ள காணிகளுக்கு ஒழுங்கு போடக் கிடைக்கும் காலமும் இதுதான். வயல் பத்துப் பத்துப் பேர்ச்சாகத் துண்டாடப்பட்டு, துண்டுக்கு ஒரு வீடும் எழும்பிய பிறகு எந்த வரைபடமும் உதவாது.

இந்த வழிகாட்டி மாநகர சபை, பிரதேச சபைத் திட்டமிடல் குழுக்களில் இருப்பவர்களுக்கும், பிரதேச செயலகக் காணிப் பிரிவினருக்கும், விமானப் பாதைக்குக் கீழே காணி வாங்க அல்லது வீடு கட்ட யோசிப்பவர்களுக்கும் உரியது. உதாரணங்கள் மட்டக்களப்பைச் சார்ந்தவை. அம்பாறை உகணவில் உள்ள கல்ஓயா விமானத்தளத்துக்கும் முறை இதுவே. அங்கே வாவி இல்லை, படைத்தரப்பு விமானங்களைத் தனியாக எண்ண வேண்டும். மற்றப்படி படிகளில் மாற்றமில்லை.

முதலில்: யார் எதற்குப் பொறுப்பு

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட அணுகுமுறையில் நான்கு வழிகள் உண்டு. விமானத்தின் இரைச்சலை மூலத்திலேயே குறைப்பது, காணிப் பயன்பாட்டைத் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, கடைசியாகச் சேவைக்குக் கட்டுப்பாடு போடுவது. முதலாவது விமானம் செய்பவரின் வேலை. மூன்றாவதும் நான்காவதும் விமான நிலையத்தின் கையிலும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் கையிலும் உள்ளவை. இரண்டாவது மட்டுந்தான் உள்ளூராட்சி மன்றத்தின் கைக்கு எட்டும்.

அதை நடைமுறைப்படுத்தச் சட்ட அடிப்படை ஏற்கனவே இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தித் திட்டமும் வலயமும் போடலாம். அந்தச் சட்டம் பிரகடனப்படுத்தப்படாத இடங்களில் 1946ஆம் ஆண்டின் நகர, கிராம திட்டமிடல் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் துணை நிற்கும்.

ஒரு குழப்பத்தை ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு அருகே கட்டிடம் கட்டக் கேட்கப்படும் உயர அனுமதி வேறு, இரைச்சல் வேறு. உயரக் கட்டுப்பாடு விமானம் மோதாமல் இருப்பதற்காக. ஒற்றைமாடி வீட்டுக்கு அந்த அனுமதி சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அதே வீட்டில் காலை ஆறரைக்குப் பிள்ளை திடுக்கிட்டு எழும்பும். உயர அனுமதி கிடைத்துவிட்டது, ஆகவே எல்லாம் சரி என்று கோப்பை மூடிவிடுவதே அதிகம் நடக்கும் தவறு.

படி 1: ஒரே வரைபடத்தில் எல்லாவற்றையும் கொண்டுவருதல்

தேவையானவை: ஓடுபாதையின் இரு முனைகளின் ஆயத்தொலைகள், உயரம், நீளம், நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம், கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லைகள், காணித் துண்டு எல்லைகள், பாடசாலை, ஆஸ்பத்திரி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஒவ்வொன்றின் இடம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் இதற்குப் போதும்.

ஓடுபாதை முனையில் பெரிதாக எழுதியுள்ள இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் அந்தப் பக்கமாக ஓடும் விமானத்தின் திசை பாகையில் கிடைக்கும். 06 என்றால் ஏறத்தாழ 060 பாகை, அதாவது வடகிழக்குப் பக்கம். இரு முனையிலிருந்தும் அந்தக் கோட்டை 5 கிலோமீற்றர் வரை நீட்டி வரையுங்கள். பெரும்பாலான முறைப்பாடுகள் இந்தக் கோட்டுக்கு இருபுறமும்தான் வரும்.

இங்கே சறுக்கும் இடம் ஆயத்தொலை முறை. விமான நிலையத் தரவு ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகப் பொது முறையில் (WGS84) இருக்கும். பழைய இலங்கை வரைபடங்கள் கந்தவல (Kandawala) என்ற பழைய நில அளவை அடிப்படையில் இருக்கும், அதன் கட்டத்தின் ஆரம்ப எண் 200,000. புதிய 1999 கட்டத்தில் அது 500,000. இரண்டு கட்டங்களைக் கலந்தால் மட்டக்களப்பு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் போய்விடும், அதைப் பார்த்த உடனே பிழை தெரிந்துவிடும். ஆபத்தானது மற்றது. பழைய வரைபடத்தின் அகலாங்கு நெட்டாங்கை மாற்றாமல் அப்படியே புதிய முறையில் போட்டால் எல்லாம் சுமார் இருநூறு மீற்றர் நகரும். கண்ணுக்கு ஓரளவு சரியாகவே தெரியும். ஆனால் வலயக் கோடு ஒரு ஒழுங்கையில் உள்ள வீடுகளை விட்டு அடுத்த ஒழுங்கையில் விழும். பிறகு நீதிமன்றத்தில் அந்த ஒழுங்கைக்காரர்தான் நிற்பார். வலையிறவுப் பாலம் போன்ற மாறாத இரண்டு மூன்று இடங்களைக் கையடக்க ஜிபிஎஸ்ஸால் அளந்து சரிபார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

படி 2: விமானங்களை எண்ணுதல்

பன்னிரண்டு மாதப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஐந்து விபரம்: நேரம், விமான வகை, இறக்கமா ஏற்றமா, எந்த முனை, எந்தப் பக்கம் திரும்பியது. ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் இரண்டு அசைவுகள். ஹெலிகொப்டரையும் பயிற்சி விமானத்தையும் தனித் தாளில் எண்ணுங்கள். பயிற்சி விமானம் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பும்போது ஒரு சுற்றிலேயே இரண்டு அசைவு ஆகிறது. ஒரு மணித்தியாலத்தில் எட்டுச் சுற்றுப் போனால், அதே வீட்டுக்கு மேலே எட்டுத் தடவை. சிறு நிலையங்களில் சனம் பொறுமை இழப்பது பயணிகள் விமானத்தால் அல்ல, இந்தச் சுற்றுகளால்தான்.

எந்த முனை பயன்படுகிறது என்பதைக் காற்று தீர்மானிக்கும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். கச்சான் அடிக்கும் வைகாசி முதல் ஆவணி, புரட்டாதி வரை ஒரு பக்கம், வாடை வீசும் மார்கழி, தையில் மறுபக்கம். ஆகவே ஒரு பருவத்தில் மட்டும் எண்ணிய பதிவேடு அரைவாசிக் கதை. கச்சான் காலத்தில் அளந்துவிட்டு நகரப் பக்கத்தில் ஏற்றம் இல்லை என்று எழுதினால் மாரியில் தொலைபேசி ஓயாது.

பிறகு எதிர்காலம். இன்று உள்ள அசைவுகள், அறிவிக்கப்பட்ட சேவைகள் எல்லாம் வந்தால் வரக்கூடியவை, ஓடுபாதையால் தாங்கக்கூடிய ஆகக்கூடியவை என்று மூன்று கணக்குப் போடுங்கள். வலயக் கோட்டை மூன்றாவதற்குப் போடுவதே எங்கள் பரிந்துரை. விமான அட்டவணை ஆறு மாதத்தில் மாறும், இன்று கட்டும் வீடு ஐம்பது வருடம் நிற்கும்.

படி 3: அளத்தல்

கைத்தொலைபேசிச் செயலியை நம்பி வலயம் போட முடியாது. முதலாம் வகுப்பு ஒலிமட்ட மானி வேண்டும். ஏ நிறையிடல் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஒலியை எடைபோடும் அமைப்பு), மெதுவான துலங்கல், ஒரு செக்கனுக்கு ஒரு பதிவு என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியைச் சுவர், கூரை, மதில் எல்லாவற்றிலிருந்தும் விலக்கித் திறந்த வெளியில், சுமார் 4 மீற்றர் உயரத்தில் வையுங்கள். காற்றிரைச்சலைத் தடுக்கும் நுரைப்பஞ்சு உறை கட்டாயம். காற்று செக்கனுக்கு 5 மீற்றரைத் தாண்டினாலும் மழை பெய்தாலும் அந்த நேரப் பதிவைக் கழித்துவிடுங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் 94 டெசிபெல் அளவுதிருத்தியால் பரிசோதியுங்கள். இரண்டுக்கும் இடையே 0.5 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய முழுப் பதிவும் குப்பைக்குத்தான். மனம் வராது, ஆனாலும் எறிய வேண்டும்.

குறைந்தது ஐந்து இடம்: நீட்டிய மையக்கோட்டில் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஆக அருகிலுள்ள பாடசாலையில் ஒன்று, வாவிக்கு எதிர்க்கரையில் ஒன்று. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வோர் இடத்திலும் ஏழு நாள். கோயில் திருவிழா வாரத்தைத் தவிருங்கள். ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் விமானத்தை விழுங்கிவிடும். மாரியில் இரவில் தவளையும் அப்படித்தான். ஒரு விமான நிகழ்வின் உச்சம் சூழல் ஒலியைவிட 15 டெசிபெல்லாவது உயர்ந்திருந்தால்தான் அதை நம்பிக் கணக்கில் சேர்க்கலாம். முதல் இரண்டு நாளாவது ஓர் ஆள் கொப்பியோடு பக்கத்தில் இருந்து, எந்த உச்சம் விமானம், எது பாரமேற்றிய டிராக்டர் என்று நேரத்தோடு குறிக்க வேண்டும்.

எதிர்க்கரை அளவீட்டை விட்டுவிடாதீர்கள். புல்தரை ஒலியை உறிஞ்சும், தண்ணீர் உறிஞ்சாது. இரைச்சலைக் கணிக்கும் வழக்கமான கணினி மாதிரிகள் பக்கவாட்டில் ஒலி குறைவதைப் புல்தரை என்று எடுத்துக்கொண்டே கணிக்கின்றன. வாவியின் மேல் அந்தக் குறைவு கிடைக்காது. விடியற்காலையில் தண்ணீருக்கு மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் படிந்திருக்கும்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே வரும். ஓடுபாதையில் இயந்திரத்தைச் சூடேற்றும் சத்தம் அப்படித்தான் தூரக் கரைக்குத் தெளிவாகக் கேட்கிறது. மாதிரி சொல்லும் எண்ணைவிட எதிர்க்கரையில் அளந்த எண் கூடியிருந்தால் மானியில் பிழை தேடாதீர்கள், மாதிரியைத் திருத்துங்கள்.

படி 4: கணக்கு

இரண்டு அளவுகள் தேவை. முதலாவது பகல்-இரவுச் சராசரி. ஒரு நாள் முழுவதும் விழுந்த ஒலிச் சக்தியை 24 மணித்தியாலத்துக்குப் பரப்பி, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரையிலான ஒவ்வோர் அசைவையும் பத்தாக எண்ணுவது. இரண்டாவது, ஒரு நாளில் 70 டெசிபெல்லைத் தாண்டும் நிகழ்வுகளின் எண்ணிக்கை. வெளியே 70 என்றால் யன்னல் திறந்த வீட்டுக்குள் சுமார் 60. பேச்சை இடைநிறுத்த அது போதும்.

சராசரிக்கான சூத்திரம் கையாலேயே போடக்கூடியது. ஒரு நிகழ்வின் மொத்த ஒலி வெளிப்பாட்டை, அதாவது விமானம் கடக்கும்போது விழும் ஒலிச் சக்தி முழுவதையும் ஒரே செக்கனில் திரட்டினால் வரும் டெசிபெல் அளவை எடுங்கள். பகல் அசைவுகளோடு இரவு அசைவுகளின் பத்து மடங்கைக் கூட்டி, அதன் மடக்கையைப் பத்தால் பெருக்கி முதல் எண்ணோடு சேருங்கள். 49.4ஐக் கழியுங்கள். அந்த 49.4, ஒரு நாளின் 86,400 செக்கன்களுக்காகக் கழிப்பது.

மையக்கோட்டுக்குக் கீழே ஒரு வீடு. ஒரு விமானம் கடக்கும்போது அங்கே மொத்த வெளிப்பாடு 88 டெசிபெல், உச்சம் 79 என்று வைப்போம். எல்லா விமானமும் ஒரே மாதிரி என்றும் எடுத்துக்கொள்வோம்.

நாளுக்கு 12 அசைவு, எல்லாம் பகலில்: 88 + 10.8 − 49.4 = 49.4.

அதே 12, ஆனால் மூன்று காலை 7 மணிக்கு முன்: 9 + 30 = 39. எனவே 88 + 15.9 − 49.4 = 54.5.

24 அசைவு, அதில் ஆறு காலை 7 மணிக்கு முன்: 18 + 60 = 78. எனவே 88 + 18.9 − 49.4 = 57.5.

ஒரு விமானமும் கூடாமல், மூன்றை விடியலுக்கு நகர்த்தியதில் மட்டும் ஐந்து டெசிபெல் ஏறிவிட்டது. அசைவுகளை இரட்டிப்பாக்கியதில் ஏறியது வெறும் மூன்று. அட்டவணை பேசும் கூட்டத்தில் இந்த இரண்டு வரிகளையும் அச்சடித்து மேசையில் வையுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்க நடைமுறையில் வீட்டுக்கு ஒவ்வாத எல்லை 65. மூன்றாவது கணக்குக்கூட அதைத் தொடவில்லை. அந்த எல்லையைச் சிறு நிலையத்துக்கு அப்படியே எடுத்தால் கோடு ஓடுபாதை வேலிக்குள்ளேயே சுருங்கிவிடும், பிரச்சினையே இல்லை என்று அறிக்கை வரும். ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளில் 24 தடவை பேச்சு நிற்கிறது. நாலு விமானம் போவதைச் சராசரி மறைத்துவிடும், காதுக்குச் சராசரி தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்த விமான இரைச்சல் அளவு பகல்-மாலை-இரவுச் சராசரி 45, இரவுக்கு 40. அதை அப்படியே வலயமாக்கினால் நகரத்தின் பெரும்பகுதியும் உள்ளே வந்து எவரும் அதை மதிக்கமாட்டார்கள். நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்து, எண்ணிக்கை அளவையும் கூட வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த இரைச்சல் ஒழுங்குவிதிகளை இங்கே பொருத்த முயல்பவர்கள் உண்டு. பிரதேச சபைப் பகுதிக்குப் பகல் 55, இரவு 45. மாநகர, நகர சபைப் பகுதிக்கு 63, 50 என்பவை அதன் எண்கள். அவை இரைச்சல் எழும் காணியின் எல்லையில் அளப்பவை. அரிசி ஆலைக்கும் தச்சுப் பட்டறைக்கும் பொருந்தும். தலைக்கு மேல் 25 செக்கன் கடந்து போகும் ஒலிக்கு அந்த அளவுகோல் சரிவராது. அங்கே இரவு மாலை 6 மணிக்கே தொடங்குகிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு முறைகளின் இரவையும் ஒரே அட்டவணையில் கலந்தால் எண்கள் கேலியாகும்.

படி 5: வலயங்கள்

அவுஸ்திரேலிய வழிகாட்டலில், நாளுக்கு 70 டெசிபெல்லைத் தாண்டும் 20 நிகழ்வு, அல்லது இரவில் 60ஐத் தாண்டும் 6 நிகழ்வு உள்ள இடத்தைப் புதிதாகக் குடியிருப்பு நிலமாக்க வேண்டாம் என்கிறார்கள். அதை அடிப்படையாக வைத்து, சிறு நிலையத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது மூன்று வலயம். இரண்டு அளவும் வேறுபட்டால் கடுமையானதே செல்லும்.

சிவப்பு: சராசரி 60க்கு மேல், அல்லது 70 டெசிபெல் நிகழ்வு 20 அல்லது அதற்கு மேல், அல்லது இரவில் 60ஐத் தாண்டும் நிகழ்வு 6. புதிய வீடு, பாடசாலை, பாலர் பாடசாலை, ஆஸ்பத்திரி விடுதி, முதியோர் இல்லம் இல்லை. வயல், தென்னை, களஞ்சியம், வாகனத் திருத்தகம், தச்சுப் பட்டறை, கல் அறுக்கும் இடம், படகு கட்டும் இடம் எல்லாம் போகலாம்.

மஞ்சள்: சராசரி 55 முதல் 60 வரை, அல்லது நிகழ்வு 10 முதல் 19 வரை. ஏற்கனவே உள்ள காணித் துண்டில் ஒரு வீடு, ஒலி காக்கும் படுக்கையறையோடு. மேலும் துண்டாட அனுமதி இல்லை. பாடசாலை இல்லை.

அறிவித்தல்: சராசரி 50 முதல் 55 வரை, அல்லது நிகழ்வு 5 முதல் 9 வரை. எதையும் கட்டலாம், ஆனால் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே கணக்குப் போட்ட வீடு, 24 அசைவுக் காலத்தில் சராசரிப்படி மஞ்சள், எண்ணிக்கைப்படி சிவப்பு. ஆகவே சிவப்பு.

ஒரு பொறியை இங்கே சொல்லியாக வேண்டும். இரைச்சலுக்குப் பொருந்தும் நிலம் எல்லாம் விமானத்துக்குப் பொருந்தாது. சத்தத்தைப் பொருட்படுத்தாது என்று குப்பை கொட்டும் இடத்தையோ, மீன் கழிவு சேரும் இடத்தையோ, நெல் வெளியில் காயப்போடும் ஆலையையோ ஓடுபாதை முனைக்குக் கொண்டுவந்தால் காகமும் பருந்தும் கொக்கும் கூட்டமாக வரும். பறவை இயந்திரத்துக்குள் போனால் பேச்சே வேறு. விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீற்றருக்குள் குப்பைமேடு வரும் எந்த யோசனையையும் பறவை ஆபத்தைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. வாவியும் சதுப்பும் ஏற்கனவே பறவைகளுக்குச் சொந்தம், இன்னும் அழைப்பிதழ் வேண்டியதில்லை. ஓடுபாதை முனைக்கு நேரே சந்தை, விளையாட்டரங்கு, திருமண மண்டபம் போன்று சனம் கூடும் இடங்களும் வேண்டாம். அது இரைச்சலுக்காக அல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காக.

கோட்டை வரையும்போது காணித் துண்டின் நடுவால் வெட்டாதீர்கள். ஒழுங்கை, வாய்க்கால், துண்டு எல்லை என்று நிலத்தில் தெரிகிற ஒன்றோடு ஒட்டி, வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். கணினி போட்ட வளைந்த கோட்டை அப்படியே பிரசுரித்தால், ஒரு வளவின் கிணறு சிவப்பில், அடுப்படி மஞ்சளில் என்று வரும். அந்த வளவுக்காரருக்கு எந்த விதி என்று எவராலும் சொல்ல முடியாது.

படி 6: தாளில் ஏற்றுதல்

வலயம் அபிவிருத்தித் திட்டத்தில் வர்த்தமானியில் வந்தால் மட்டும் போதாது. காணி வாங்கும் எவரும் வர்த்தமானியைத் தேடிப் படிப்பதில்லை. ஆனால் உறுதி எழுதும் நொத்தாரிசும் கடன் கொடுக்கும் வங்கியும் வீதிக்கோட்டுச் சான்றிதழைக் கேட்பார்கள். அந்தச் சான்றிதழின் அடியில் ஒரு வரியைச் சேருங்கள்: “இக்காணி விமான இரைச்சல் மஞ்சள் வலயத்தில் உள்ளது. துண்டாடல் அனுமதிக்கப்படமாட்டாது.” சபைத் தீர்மானம் ஒன்றும் ஒரு இறப்பர் முத்திரையும் போதும். தரகர் சொல்லாததை அந்த வரி சொல்லும்.

பிறகு கோப்பின் பாதை. துண்டாடலுக்கான விண்ணப்பம் வரும்போதே வலயத்தைப் பாருங்கள். கட்டிட அனுமதிக் கட்டத்தில் பார்த்தால் காலம் கடந்துவிட்டது, காணியை வாங்கியவர் நகையை அடகு வைத்து வந்து நிற்பார். துண்டாடல், பூர்வாங்கத் திட்ட அனுமதி, கட்டிட அனுமதி, முடிவில் இணக்கச் சான்றிதழ் என்று நான்கு இடத்திலும் வலயத்துக்கு ஒரு பெட்டி இருக்கட்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதில் ஒப்பமிட வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் வழியாக வரும். வீட்டுத்திட்டங்கள் பெரும்பாலும் அந்த வழியாகவே சபையைக் கடந்து போய்விடுகின்றன. வரைபடத்தின் ஒரு பிரதி செயலகக் காணிப் பிரிவின் சுவரிலும் தொங்கட்டும்.

ஏற்கனவே சிவப்பில் இருப்பவர்களை விதி நெருக்கக் கூடாது. கூரை மாற்ற, சுவர் திருத்த, ஓர் அறையைப் பலப்படுத்த அனுமதி கொடுங்கள். புதிய குடும்பம் ஒன்று குடியேறும்படியான இரண்டாவது வீட்டுக்கு மட்டும் மறுப்புச் சொல்லுங்கள். இந்த வித்தியாசத்தை எழுத்தில் வைக்காவிட்டால் ஒழுகும் கூரையை மாற்ற வந்தவரும் திருப்பி அனுப்பப்படுவார், பிறகு சனம் அனுமதியே கேட்காமல் இரவில் கட்டும்.

படி 7: கட்டிடம்

முதலில் பாடசாலை. எங்கள் வகுப்பறைகள் அரைச்சுவரும் அதற்கு மேல் கம்பி வலையும். காற்று நன்றாக வரும், ஒலியும் அப்படியே வரும். வெளியே 79 என்றால் கடைசி வாங்கில் 70ஐ ஒட்டும். ஆசிரியர் கையில் சோக்கோடு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, சத்தம் போனபின் வாசகத்தை முதலிலிருந்து தொடங்குவார். பிள்ளைகள் அதற்குள் மேலே பார்த்துவிட்டார்கள். அந்தக் கட்டிடத்தில் ஒலி காக்க எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் பாடசாலையை மஞ்சளிலும் விலக்குகிறோம். ஏற்கனவே அங்கே இருந்தால் முழுச் சுவரோடு குறைந்தது ஒரு மண்டபம், பரீட்சைக்காகவாவது.

வீட்டுக்கு இலக்கு இது: படுக்கையறைக்குள் உச்சம் 50, மற்ற அறைகளில் 55. வெளியே 79 என்றால் படுக்கையறை 29 டெசிபெல் குறைக்க வேண்டும். யன்னல் திறந்திருந்தால் கிடைப்பது 10. சாதாரண யன்னலை மூடினால் சுமார் 20. மிச்சம் 9ஐக் கட்டிடமே தர வேண்டும்.

அது எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால் செலவு குறையும். சுவர் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. இருபுறமும் பூசிய சீமெந்துக் கல் சுவர் 40க்கு மேல் தரும். ஆனால் அதில் நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தால் முழுச் சுவரின் பலனும் 20க்கு இறங்கிவிடும். யன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்கள் இந்த ஒரு பங்கை எளிதில் தாண்டும். ஓட்டுக் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளி அதைவிட மோசம். விமானம் மேலே இருந்து வருவதால் கூரைதான் முதல் கதவு.

செய்ய வேண்டிய ஒழுங்கு: முதலில் கூரையோர இடைவெளியை அடைத்துவிடுங்கள். பிறகு படுக்கையறைக்கு மேலே சிலிங் போட்டு, அதற்கு மேல் 50 முதல் 75 மில்லிமீற்றர் கண்ணாடிப் பஞ்சு அல்லது பாறைப் பஞ்சு விரியுங்கள். சிலிங் பலகைகளின் பொருத்துகளை அடைக்காவிட்டால் பஞ்சு போட்ட காசு வீண். எலி பஞ்சுக்குள் கூடு கட்டும், ஆகவே சிறு கண் கம்பிவலை ஒன்றும் வேண்டும். புதிதாகக் கட்டுபவர் அந்த ஒரு அறைக்கு மட்டும் 125 மில்லிமீற்றர் கொங்கிறீற் தட்டுப் போட்டால் எல்லாவற்றையும்விட நல்லது. சதுர மீற்றருக்கு 300 கிலோ எடை, ஒலிக்கு எடையைவிட வேறு மருந்து குறைவு.

யன்னலுக்கு 6 மில்லிமீற்றர் கண்ணாடி, இறப்பர் விளிம்போடு வெளியே திறக்கும் வகை. தள்ளும் அலுமினிய யன்னலில் பாதை இடைவெளி எப்போதும் ஒலியை விடும். கண்ணாடித் தகடு அடுக்கிய லூவர் யன்னலைப் படுக்கையறையில் வைக்கவே வேண்டாம். கதவு திடமான 40 மில்லிமீற்றர் பலகை, அடியில் வாசற்படியோடு ஒட்டும் இறப்பர்.

இப்போது மட்டக்களப்பின் உண்மையான சிக்கல். வைகாசியில் கச்சான் வறட்டி எடுக்கும்போது மூடிய அறைக்குள் எவர் படுப்பார்? குளிரூட்டி போட முடியாதவர் யன்னலைத் திறப்பார். திறந்த கணத்தில் செய்த எல்லாமே 10 டெசிபெல்லுக்கு வந்துவிடும். ஆகவே காற்றுக்கு வேறு வழி வேண்டும். விமானப் பாதைக்கு எதிர்ப்பக்கச் சுவரில், ஒரு மீற்றர் நீளமுள்ள, ‘எல்’ வடிவில் மடிந்த பெட்டி வழி ஒன்று கட்டி, உள்ளே 50 மில்லிமீற்றர் பஞ்சு ஒட்டி, வாயில் கொசுவலை போடுங்கள். உள்ளே ஒரு சிறிய மின்விசிறி இழுக்கும். ஒலி மடிப்பில் முட்டித் தேயும், காற்று வரும். வீடு முழுவதையும் காக்க முயலாதீர்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் படுக்கும் ஒரு அறையைச் சரியாகச் செய்யுங்கள்.

மரம் நட்டால் சத்தம் குறையும் என்பார்கள். முப்பது மீற்றர் அடர்ந்த தோப்பு தரையில் எழும் ஒலியில் சில டெசிபெல் குறைக்கலாம். மேலே பறக்கும் விமானத்துக்கு மரமும் மதிலும் ஒன்றும் செய்யா. நிழலுக்காக நடுங்கள்.

படி 8: விமான நிலையத்திடம் கேட்க வேண்டியவை

காணிப் பக்கத்தை ஒழுங்காக்கிய சபைக்கு மறுபக்கத்திடம் கேட்கும் உரிமை கூடுகிறது. கேட்கத் தகுந்தவை இவை: இயந்திரச் சோதனை ஓட்டத்தைக் காலை 7 மணிக்குப் பிறகு, வீடுகளுக்கு ஆக விலகிய மூலையில் வைப்பது, பயிற்சிச் சுற்றுக்களைப் பரீட்சைக் காலத்திலும் வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு பூசை நேரங்களிலும் நிறுத்துவது, ஹெலிகொப்டர் பாதையைக் குடியிருப்புக்கு மேலே விடாமல் வாவியின் மேல் இழுப்பது, பாதுகாப்பு இடங்கொடுக்கும்போது காற்று மெதுவான நேரங்களில் வயல் பக்க முனையைத் தேர்வது. கடைசி முடிவு எப்போதும் விமானியினதும் கட்டுப்பாட்டாளரினதும். அதை எழுத்தில் ஒப்புக்கொண்டே கேளுங்கள். ஹெலிகொப்டர் விசயத்தில் இன்னொன்று: அதன் தாழ்ந்த அதிர்வை ஏ நிறையிடல் குறைத்தே காட்டும். எண் சிறிதாக இருந்தாலும் யன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று சனம் சொன்னால் பொய் என்று எடுக்காதீர்கள்.

தரையில் எழும் சத்தத்துக்கு மட்டும் மண் அணை பயன்படும். மூலத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான பார்வையை மறைக்கும் உயரம் இருந்தால்தான் பலன். ஆனால் இங்கே நிலம் கடல்மட்டத்தைவிடச் சில மீற்றரே உயரம். மாரித் தண்ணீர் வாவிக்கு வடியும் ஓடையை அணை மறித்தால், சத்தத்துக்கு வந்த முறைப்பாடு வெள்ளத்துக்கு வரும். அடியில் மதகு வைக்காமல் ஒரு அடியும் கட்டாதீர்கள்.

படி 9: முறைப்பாடும் மீளாய்வும்

ஒரு பக்கப் படிவம் போதும்: திகதி, நேரம், இடம், ஏறியதா இறங்கியதா, எதை இடைநிறுத்தியது. கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘தூக்கம்’ என்ற பதில்கள் கூடினால் பிரச்சினை அட்டவணையில் இருக்கிறது, ‘பாடம்’ கூடினால் கட்டிடத்தில் இருக்கிறது. முறைப்பாடுகளை வரைபடத்தில் புள்ளியாக வைத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். நூறு முறைப்பாடும் மூன்று வீட்டிலிருந்து வந்தால் அந்த மூன்று வீட்டுக்குப் போய் அளக்க வேண்டும். நூறு வீட்டிலிருந்து வந்தால் பாதை மாறியிருக்கிறது. பத்து வேலைநாளுக்குள் பதில் போக வேண்டும். “அன்று காற்று மாறியதால் மறுமுனை பயன்பட்டது” என்ற ஒரு வரிப் பதிலும் பதில்தான்.

வரைபடத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பியுங்கள். புதிய வகை விமானம் வந்தாலோ, ஓடுபாதை நீண்டாலோ, இரவு வெளிச்சம் பொருத்தப்பட்டாலோ உடனேயே. ஓடுபாதைக்கு விளக்குப் போடும் கேள்விப்பத்திரம் வெளியானால் அதை மின்வேலை என்று விட்டுவிடாதீர்கள். அது இரவு அசைவுகள் வரப்போகின்றன என்ற முன்னறிவித்தல், அதாவது ஒவ்வொன்றும் பத்தாக எண்ணப்படும் அசைவுகள். அன்றே படி 4க்குத் திரும்புங்கள்.